எதையும் கேட்காத கடிதம்

உறைக்குள் இன்னொரு உறை இருக்கும். வெளியுறையில் பெறுபவரின் முகவரி. உள்ளுறையில் அனுப்பியவரின் முகவரி, பதில் எழுதத் தோன்றினால் தேட வேண்டாமே என்று. ஆனால் அந்த உள்ளுறையில் தபால்தலை ஒட்டியிருக்காது. ஏதோ நாலு காசு மிச்சம் பிடித்த வேலை என்றுதான் முதலில் தோன்றும். யோசித்தால் வேறு கணக்கு தெரிகிறது. தலை ஒட்டி அனுப்பினால் அது ஒரு நச்சரிப்பு ஆகிவிடும்: செலவழித்து அனுப்பியிருக்கிறோமே, பதில் எங்கே? ஒட்டாமல் விட்டால், எழுதுவதும் எழுதாததும் உங்கள் இஷ்டம்.

உள்ளே இருந்த கடிதமும் அப்படித்தான். நீங்கள் மருத்துவமனைக்கு வந்துபோய்ச் சில காலம் ஆகிறது, நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள், மகிழ்வோம். அவ்வளவுதான் சாரம். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்ற விசாரணை இல்லை. அடுத்து எப்போது வருகிறீர்கள் என்ற நினைவூட்டல் இல்லை. அறிவுரை மருந்துக்கும் இல்லை. நம் ஊர் இன்லண்ட் லெட்டரில் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதி, அந்த ஒரு வரியோடு மடித்து ஒட்டி அனுப்பிவிட்டது மாதிரி. (நம்முடைய கடிதங்கள் அந்த வரியோடு நின்றதே இல்லை என்பது வேறு விஷயம். இரண்டாவது பத்தியில் பணம் கேட்டிருப்பார்கள், மூன்றாவதில் தங்கை கல்யாணம்.)

1969க்குப் பிந்தைய ஆண்டுகளில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இந்தக் கடிதங்கள் சில நூறு பேருக்குப் போய்க்கொண்டிருந்தன. வாழ்வது வேண்டாம் என்ற நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, வீடு திரும்பி, மேற்கொண்டு சிகிச்சையும் வேண்டாம் என்று சொன்னவர்கள் அவர்கள். அனுப்பியவர் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும். மருந்தோ கருவியோ இல்லாமல், தாளும் உறையும் தபால்தலையும் மட்டும் கொண்டு மனித உயிரைக் காக்க முடியுமா என்று முறையாகச் சோதித்துப் பார்த்த முதல் முயற்சி இது.

மோட்டோ 1921இல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படையோடு ஐரோப்பாவில் இருந்தார். அப்போது ஊரிலிருந்து ஓர் இளம்பெண் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். நெடுநாள் பழக்கமெல்லாம் கிடையாது, லேசான அறிமுகம்தான். அந்தக் கடிதங்கள் அவரிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. வந்துகொண்டே மட்டும் இருந்தன. போர்முனையில் இருப்பவனுக்குத் தன் பெயர் எழுதிய ஓர் உறை வருவது என்ன செய்யும் என்பதை மோட்டோ தன் உடம்பிலேயே அறிந்துகொண்டார். பல ஆண்டுகள் கழித்து, கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் மருத்துவராக இருந்தபோது, அந்த அனுபவத்தை ஓர் ஆய்வுக் கேள்வியாக மாற்றினார். தனக்கு நேர்ந்ததைக் கதையாகச் சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டுபவர்கள்தான் அதிகம். சோதனைச்சாலைக்கு இழுத்துவந்து, அது பொய்யாகிப் போனாலும் பரவாயில்லை என்று நிற்பவர்கள் குறைவு.

இந்தக் கேள்விக்கு ஒரு பாட்டனார் உண்டு. பிரான்ஸில், போர்தோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த எமில் துர்க்கைம். 1897இல் 'தற்கொலை' என்ற நூலை அவர் வெளியிட்டபோது சமூகவியல் என்ற துறைக்கே இன்னும் சரியாக நாற்காலி போடப்பட்டிருக்கவில்லை. ஒருவர் தன் உயிரை முடித்துக்கொள்வதைவிடத் தனிப்பட்ட செயல் வேறு என்ன இருக்க முடியும்? அதைப் போய் சமூகத்தின் செயல் என்று நிறுவ முடிந்தால், சமூகம் என்ற ஒன்று உண்மையிலேயே இருக்கிறது என்று நிறுவியதாகும். துர்க்கைமின் சூதாட்டம் அது.

அவருக்குத் தரவு வேண்டியிருந்தது. பிரெஞ்சு நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் கபிரியேல் தார்து. மனிதர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்வதுதான் சமூகம் என்ற கொள்கை உடையவர், துர்க்கைமின் நேர் எதிரி. ஆனாலும் ஆவணங்களைத் திறந்துவிட்டார். சுமார் 26,000 பேருடைய பதிவுகளை வயது, பால், மணநிலை, பிள்ளைகள் என்று பிரித்து அடுக்கிய வேலையைச் செய்தவர் துர்க்கைமின் சகோதரி மகன் மார்செல் மோஸ். பின்னாளில் அவரே பெரும் பெயர் பெற்ற மானுடவியலாளர். புத்தகம் வந்தபோது அதில் ஒரு முழு அத்தியாயம் தார்துவின் கொள்கையைப் போட்டு நொறுக்கியிருந்தது. உண்ட வீட்டுக்கு... என்று தார்து நினைத்திருந்தால் தப்பில்லை.

நூலின் வாதத்தை இரண்டே இழைகளில் கட்டிவிடலாம். ஒன்று, மனிதன் எத்தனை இறுக்கமாகக் குழுவோடு பிணைந்திருக்கிறான் என்பது. இன்னொன்று, அவனுடைய ஆசைகளுக்குக் குழு எவ்வளவு எல்லை கட்டுகிறது என்பது. கத்தோலிக்கரைவிடப் புரோட்டஸ்டன்ட் மக்களிடமும், குடும்பஸ்தரைவிடத் தனியாட்களிடமும், பிள்ளை உள்ளவர்களைவிட இல்லாதவர்களிடமும் தற்கொலை கூடுதலாக இருப்பதை அவர் முதல் இழையால் விளக்கினார். பொருளாதாரம் சரியும்போது மட்டுமல்ல, திடீரென்று கொழிக்கும்போதும் எண்ணிக்கை ஏறுவதை இரண்டாவது இழையால் விளக்கினார். அவர் நம்பிய அரசுப் புள்ளிவிவரங்களே சந்தேகத்துக்குரியவை என்று பிற்காலத்தில் பலமான விமர்சனம் வந்தது. ஒரு மரணத்தை எப்படிப் பதிவு செய்வது என்பதிலேயே ஊரின் வெட்கமும் மதத்தின் அச்சமும் கலந்திருக்கும் அல்லவா? கத்தோலிக்க ஊரில் 'விபத்து' அதிகமாக நடக்கலாம். ஆனாலும் பிணைப்பு காக்கிறது என்ற மையக் கருத்து நின்றுவிட்டது.

துர்க்கைம் நோயைச் சொன்னதோடு நிறுத்தாமல் மருந்தும் சொன்னார். மதம் இனி கட்டிப்போடாது, குடும்பம் சுருங்கிவிட்டது, அரசு வெகு தொலைவில் இருக்கிறது. ஆகவே ஒரே தொழில் செய்பவர்கள் சங்கமாகக் கூடட்டும், அந்தச் சங்கம் புதிய பிணைப்பாகட்டும் என்றார். அந்த மருந்தை யாரும் எடுத்து ஒரு ஊருக்குக் கொடுத்து, இன்னொரு ஊருக்குக் கொடுக்காமல் விட்டு, எண்ணிப் பார்க்கவில்லை. சமுதாயம் முழுவதையும் மாற்றியமைக்கும் மருந்துகளின் சிக்கலே இதுதான். அளவு சொல்லி யாரும் சீட்டு எழுத முடியாது. ஒரு தனி மனிதருக்கு, ஒரு குறிப்பிட்ட நாளில், எவ்வளவு பிணைப்பு கொடுத்தால் போதும்? இந்தக் கேள்வி எழ இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின.

நடுவே இங்கிலாந்தில் ஒரு திருப்பம். சாட் வாரா என்ற ஆங்கிலிக்கப் பாதிரியார் 1935இல், பணியைத் தொடங்கிய புதிதில், தற்கொலை செய்துகொண்ட பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியின் அடக்கத்தை நடத்தினார். அவளுக்கு நடந்தது பூப்படைதல். அதை ஏதோ கேவலமான நோய் என்று நினைத்துவிட்டாள், கேட்பதற்கு ஆளில்லை. 1953இல் அவர் லண்டனின் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எண் மேன் 9000. சமாரிட்டன்ஸ் அமைப்பு அங்கே தொடங்கியது. இங்கிலாந்தில் அன்று தற்கொலை முயற்சி சட்டப்படி குற்றம். 1961 வரை குற்றமாகவே இருந்தது.

வாரா எதிர்பாராத ஒன்று அங்கே நடந்தது. அவரைப் பார்க்க வந்தவர்கள் காத்திருக்கும் அறையில் தொண்டர்கள் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி எதுவும் கிடையாது. ஆனால் காத்திருந்தவர்களில் பலர், முறை வந்தபோது, பாதிரியாரைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை என்று எழுந்து போனார்கள். புத்திசாலியான மனிதர் அவர். தன் இடத்தைத் தொண்டர்களுக்கு விட்டுக்கொடுத்து, அமைப்பின் மையத்திலேயே அந்தத் தேநீர்ப் பேச்சை வைத்துவிட்டார். இலங்கையில் 1974இல் தொடங்கிய சுமித்ரயோவும் சென்னையில் 1986இல் தொடங்கிய சிநேகாவும் இந்தக் குடும்பத்தின் உறுப்பினர்கள்.

தொலைபேசிக்கு ஒரு குறை உண்டு. அதை எடுக்க வேண்டியது தவிப்பவர். கதவைத் திறந்து வைத்திருக்கிறோம், வாருங்கள் என்கிறது அது. மருத்துவமனையும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் தன்னை ஒரு சுமை என்று நம்பிவிட்ட மனிதர், இன்னொருவர் நேரத்தை வாங்கக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்று நினைப்பவர், அந்த எண்ணைச் சுழற்றுவாரா? மோட்டோ பார்த்த நோயாளிகளில் மிக ஆபத்தான நிலையில் இருந்தவர்கள் பலர் சிகிச்சையை மறுத்தவர்கள். அவர்களுக்கு மனநல மருத்துவத்தில் வழியே இல்லை. வராதவரை என்ன செய்வது என்பது மருத்துவப் பாடப்புத்தகத்தில் இல்லாத அத்தியாயம். பிணைப்பு தேவைப்படுபவர் அதைத் தேடி வரமாட்டார், பிணைப்புதான் அவரைத் தேடிப் போக வேண்டும் என்பது மோட்டோவின் முடிவு.

சோதனை இப்படி அமைந்தது. 1969 முதல் 1974 வரை சான் பிரான்சிஸ்கோவின் ஒன்பது மனநல உள்நோயாளர் பிரிவுகளில் மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ சேர்க்கப்பட்ட 3,005 பேரை ஆய்வாளர்கள் சந்தித்துப் பேசினார்கள். வீடு திரும்பி முப்பது நாள் கழித்து, சிகிச்சையைத் தொடர்கிறார்களா என்று விசாரித்தார்கள். தொடராதவர்கள் 843 பேர். குலுக்கல் முறையில் அவர்கள் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். 389 பேருக்குக் கடிதம். 454 பேருக்கு எதுவும் இல்லை.

கடிதங்களுக்கு ஓர் அட்டவணை இருந்தது. முதல் நான்கு மாதம் மாதத்துக்கு ஒன்று. அடுத்த எட்டு மாதம் இரண்டு மாதத்துக்கு ஒன்று. பிறகு நான்கு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒன்று. ஐந்தாண்டில் மொத்தம் 24. அச்சடித்த படிவமாக இருக்கக் கூடாது என்பதில் மோட்டோ கண்டிப்பாக இருந்தார். ஒவ்வொன்றும் தனியாகத் தட்டச்சு செய்யப்பட்டது, ஒரே வாசகம் திரும்ப வராமல் பார்த்துக்கொள்ளப்பட்டது. கையெழுத்துப் போட்டவர், மருத்துவமனையில் அந்த நபரோடு நேரில் பேசிய அதே ஆய்வாளர். யாராவது பதில் எழுதினால், அடுத்த கடிதம் அந்தப் பதிலைத் தொட்டுப் பேசும். ஒருமுறை நேரில் பார்த்த முகம் ஒன்று அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பின்னால் வந்த பலர் நழுவவிட்டது அதைத்தான் என்றும் நினைக்கிறேன்.

சிலர் பதில் எழுதினார்கள். இந்தச் சிறு குறிப்புகள் எனக்கு என்னவென்று உங்களுக்குத் தெரியாது என்று ஒருவர். இன்னொருவர் மோட்டோவைக் கெட்ட வார்த்தையில் திட்டி, இப்படி விடாப்பிடியாகத் தொடர்ந்து வருகிற ஆளை நான் பார்த்ததே இல்லை, ஆகவே உமக்கு என்மேல் நிஜமாகவே அக்கறை இருக்க வேண்டும் என்ற பொருள்பட எழுதியிருந்தார். இரண்டாவது பதிலில்தான் எனக்குப் பிடிப்பு அதிகம். முதல் கடிதத்தை நம்பாத, மூன்றாவதைக் கிழித்துப்போட்ட, எட்டாவது வரும்போது கொஞ்சம் யோசித்த ஒரு மனிதர் அதில் தெரிகிறார். திரும்பத் திரும்ப வருவதே இங்கே செய்தி. சொற்கள் அதை ஏற்றி வந்த வண்டி.

இறப்புப் பதிவேடுகளைப் பல ஆண்டுகள் தேடித் தேடி ஒப்பிட்டார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில், கடிதம் பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் சுமார் 1.8 விழுக்காடு, பெறாதவர்களில் சுமார் 3.5. கிட்டத்தட்டப் பாதி. கடிதங்கள் அடிக்கடி போன காலமும் இதுவே. அதற்குப் பின் இடைவெளி மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. கடிதங்கள் நின்று பல ஆண்டுகள் சென்றபின், பதினான்காம் ஆண்டு வாக்கில், இரு குழுக்களுக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று. மோட்டோ 1976இலேயே இந்த முயற்சியைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார். புள்ளியியலாளர் ஆலன் பாஸ்ட்ரமோடு சேர்ந்து முழு முடிவை வெளியிட்டது 2001இல். அதற்குள் அவருக்கு எண்பது வயது. தற்கொலை எண்ணத்தை அல்ல, தற்கொலை மரணத்தையே குறைத்துக் காட்டிய முதல் குலுக்கல்முறைச் சோதனை என்று இத்துறையினர் அதைக் குறிப்பிடுகிறார்கள். மோட்டோ 2015இல் காலமானார்.

கடிதம் பிறகு அஞ்சலட்டை ஆயிற்று. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் கிரெக் கார்ட்டரும் குழுவினரும் 772 பேரிடம் ஒரு சோதனை நடத்தி 2005இல் வெளியிட்டார்கள். ஓராண்டில் எட்டு அட்டைகள். திரும்பவும் தன்னைத் துன்புறுத்திக்கொண்ட ஆட்களின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. ஆனால் அப்படி நடந்த தடவைகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. டெஹ்ரானில் 2,300 பேரை வைத்துச் செய்த பெரிய சோதனையில் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்தட்டையையும் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே எண்ணமும் முயற்சியும் இரண்டும் குறைந்தன.

எல்லா ஊரிலும் இது பலிக்கவில்லை. தைவானில் பலன் தெளிவாக இல்லை. அமெரிக்கப் படைவீரர்களுக்குக் கைபேசிக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்த்து 2019இல் வெளியான ஆய்வில், முதன்மையாக எதிர்பார்த்த இரண்டு பலன்களும் கிட்டவில்லை. வேறு சில அளவுகளில்தான் நன்மை தெரிந்தது. ஆகவே இதை மந்திரத் தாயத்து என்று விற்க வேண்டாம். இலங்கை இன்னொரு பாடம் சொல்கிறது. 1990களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளில் ஒன்றாக இருந்த அது, கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தே அடுத்த இருபதாண்டுகளில் விகிதத்தைச் சுமார் 70 விழுக்காடு இறக்கியது. யாருடைய தனிமையையும் தீர்க்காத ஒரு சட்டம், ஆனால் பல்லாயிரம் பேர் உயிரோடு இருக்கிறார்கள். துர்க்கைமின் வழிவந்தவர்கள் இதைக் கொஞ்சம் சிரமத்தோடுதான் விழுங்க வேண்டும்.

சென்னையும் கொழும்பும் இந்தக் கதைக்குள் வருவது 2002இல். உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களைத் தேர்ந்தெடுத்தது: பிரேசிலின் காம்பினாஸ், இந்தியாவின் சென்னை, இலங்கையின் கொழும்பு, ஈரானின் காரஜ், சீனாவின் யுன்செங். தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,867 பேர். பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப்பேருக்கு வீடு திரும்பும் வேளையில் ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொடர்பு, தொலைபேசியிலோ நேரில் போயோ. முதல் வாரம் ஒன்று, இரண்டாம் வாரம் ஒன்று, நான்கு, ஏழு, பதினொன்று என்று வாரங்கள், அப்புறம் மாதக் கணக்கு. மோட்டோவின் அட்டவணையேதான், முன்னால் இன்னும் நெருக்கமாக, பின்னால் அதே மாதிரி விரிந்துகொண்டு. சென்னையில் இதை நடத்தியவர் சிநேகாவைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார்.

அன்றைய சென்னையில் இதைச் செய்வது எப்படியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தற்கொலை முயற்சி இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்கீழ் குற்றம். ஆஸ்பத்திரியில் சேர்த்தாலே போலீஸ் கேஸ். 'தெரியாமல் சாப்பிட்டுவிட்டாள்' என்று குடும்பம் ஒரே குரலில் சொல்லும். வீட்டுக்கு யாராவது தேடி வந்தால் அக்கம்பக்கத்துக்கு என்ன பதில் சொல்வது என்பதே முதல் கவலை. அந்தச் சூழலில் ஒருவர் ஒன்பது முறை தொடர்புகொண்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். 2008இல் ஐந்து நகர முடிவுகளும் சேர்ந்து வெளியாயின. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பதினெட்டு மாதத்துக்குள் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 விழுக்காடு. தொடர்பு கிடைத்தவர்களில் 0.2 விழுக்காடு. (309ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கியது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம். 2024 ஜூலையில் புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவே காணாமல் போயிற்று.)

0.2 என்ற அந்த எண்ணைப் பார்த்ததும் நம்மில் பலருக்கு ஒரு சந்தேகம் வரும். கூட்டுக் குடும்பமும் சொந்தபந்தமும் நிறைந்த நம் ஊரில், ஓர் அந்நியர் ஒன்பது முறை விசாரிப்பது எப்படி உயிரைப் பிடித்து நிறுத்தும்? அங்கே அமெரிக்காவில் தனிமை, சரி. இங்கே சித்தப்பா, பெரியம்மா, மாமியார், பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். அங்கேதான் துர்க்கைமின் புத்தகத்தில் ஓர் அடிக்குறிப்பைப் படிக்க வேண்டும். பிணைப்பு குறைவதால், எல்லை தளர்வதால் வரும் தற்கொலைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர், எல்லை மிகமிக இறுகுவதால் வரும் வகையை ஓர் அடிக்குறிப்பில் போட்டு மூடிவிட்டார். எதிர்காலமே இரக்கமின்றி அடைக்கப்பட்டவர்கள், மிக இளம் வயதில் கணவனானவர்கள், பிள்ளையில்லாத மனைவியர், அடிமைகள் என்று சில எடுத்துக்காட்டு. இக்காலத்தில் இதற்கு முக்கியத்துவம் குறைவு என்று ஒரு வரி. போர்தோவில் உட்கார்ந்திருந்தவருக்கு அது அடிக்குறிப்பு. நம் ஊரில் உட்கார்ந்து எழுதியிருந்தால் அதுதான் முதல் அத்தியாயம். 2016ஆம் ஆண்டில் உலகில் தற்கொலையால் இறந்த பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியர். இங்கே இறக்கும் பெண்களில் பெரும் பங்கு திருமணமானவர்கள். ஐரோப்பாவில் காப்பாகக் கருதப்பட்ட திருமணம் இங்கே பெண்ணுக்கு அதே காப்பைத் தரவில்லை.

'கூட்டுக் குடும்பம் போச்சு, அதனால்தான் இதெல்லாம்' என்று பட்டிமன்ற மேடையில் கைதட்டல் வாங்கும் வாதத்தை நான் நம்பாததற்குக் காரணம் இதுவே. நம்மிடம் பிணைப்புக்குப் பஞ்சமில்லை. எதையும் கேட்காத பிணைப்புக்குத்தான் பஞ்சம். மகன் மதிப்பெண் தர வேண்டும், மருமகள் பேரன் தர வேண்டும், தம்பி அக்காவின் சீர்வரிசையைத் தர வேண்டும். ஒவ்வொரு உறவும் ஒரு கணக்குப் புத்தகத்தோடு வருகிறது. அதில் கடன் ஏறிப்போனவர் யாரிடம் போய் நிற்பார்? கணக்கே இல்லாத ஓர் ஆள் வந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் கையை நீட்டாமல் போனால், அது சான் பிரான்சிஸ்கோவைவிட இங்கே கூடுதல் வேலை செய்யும் என்பது என் ஊகம். மேற்சொன்ன எண்கள் அதற்கு நிரூபணம் ஆகாதுதான். மறுக்கவும் இல்லை.

பின்னர் தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம்களிலும் லட்சுமி விஜயகுமாரின் குழு இந்தத் தொடர்பு முறையைக் கொண்டுபோனது. தொடர்ந்து சந்திப்பது ஒரு பாதி. நெருக்கடி நேரத்தில் என்ன செய்யலாம், யாரைக் கூப்பிடலாம் என்று அவரவரே யோசித்து எழுதிவைத்துக்கொள்ளும் ஓர் அட்டை இன்னொரு பாதி. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான நெருக்கடித் தொலைபேசிச் சேவை, தன்னை அழைத்தவர்களுக்குப் பிறகு கடிதம் அனுப்பும் திட்டத்தை 2020இல் தொடங்கியது. சிலருக்கு வந்த கடிதங்களில் இருந்தது இன்னொரு முன்னாள் படைவீரரின் கையெழுத்து.

நம் பக்கம் தொலைபேசிகள் கூடியிருக்கின்றன. மத்திய அரசின் டெலி மானஸ் 2022 அக்டோபரில் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 உண்டு. சிநேகாவின் எண் 044-24640050. இலங்கையில் அழைக்கும் எண் 1926. இவை எல்லாம் வாராவின் வழி வந்தவை, நாம் அழைக்க வேண்டியவை. அழைக்கத் தயங்குபவருக்காக வேறொருவரும் அழைத்து வழி கேட்கலாம்.

மோட்டோவின் வழியில், அரசாங்கமே தேடிப் போன ஒரு நிகழ்வும் இங்கே உண்டு. 2021 செப்டம்பரில், மருத்துவப் படிப்புக்கான நீட் நுழைவுத் தேர்வை ஒட்டி மாணவர்கள் சிலர் அடுத்தடுத்து இறந்தபோது, அந்தத் தேர்வை எழுதிய தமிழ்நாட்டு மாணவர்களை 104 மையத்தின் ஆலோசகர்களே தொலைபேசியில் அழைத்துப் பேசும் ஏற்பாட்டை அரசு செய்தது. பின்னர் பிளஸ் டூ முடிவுகளின்போதும் இதே வழி பின்பற்றப்பட்டது. முன்பின் தெரியாத ஒரு குரல், மதிப்பெண்ணைக் கேட்காமல், பையனை, பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விசாரிக்கிறது. எனக்குத் தெரிந்தவரை உலகில் இவ்வளவு பெரிய அளவில் ஓர் அரசு இதைச் செய்ய முனைந்த எடுத்துக்காட்டுகள் அதிகமில்லை. இதில் மோட்டோ கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்றே: முடிவு வந்த வாரம் பேசியாயிற்று, அந்தப் பையனுக்கு ஆகஸ்டில் யார் போன் போடுவார்கள், டிசம்பரில் யார்?